கரைநீச்சல் வல்லுநர்

கனடாவின் ரொறன்ரோ மாநகரில், தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோப் பகுதியின் சமூக நிலையங்களில், குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் தவறாது தென்படும் மனித வகையொன்று இதுவரை முறையாக ஆராயப்படவில்லை. குடும்பத்தை உள்ளக நீச்சல் தடாகத்துக்கு அழைத்து வந்து, தடாகத்தின் நான்கு கரைகளையும் நடந்தே அளந்து, தம் மக்களுக்கும், எவரும் கேளாமலே பிறர் மக்களுக்கும், நீச்சலின் நுட்பங்களை எடுத்துரைக்கும் இத்தகையவரைக் கரைநீச்சல் வல்லுநர் என்று குறிப்பிடுவது பொருந்தும். இவர் பெரும்பாலும் 45 வயதைக் கடந்தவர்; யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்; வயிறு சற்று முன்னே செல்ல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர். நீச்சல் பற்றிய இவரது அறிவு பரந்தது. அதில் குறையென்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின், இவருக்கு நீந்தத் தெரியாது என்பதைத்தான் சுட்ட வேண்டியிருக்கும்.

சமூக நிலையம் என்பது மாநகரசபை நடத்தும் பொதுக் கட்டடம். கூடைப்பந்து அரங்கும், முதியோர் கூடும் அறையும், தடாகமும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கும். கிழமையின் குறித்த மணிகளில் தடாகம் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. சில நிலையங்களில் இதற்குக் கட்டணமே இல்லை, ஏனையவற்றில் சிறு தொகை அறவிடுவார்கள். மிதவைக் கயிறுகளால் பிரித்த பாதைகளில் இடைவிடாது நீந்துவோருக்கென வேறு மணிகள் உண்டு. பொது மணிகளிலோ எவரும் விரும்பியபடி தண்ணீரில் கிடக்கலாம், நிற்கலாம், நிற்பதை நீச்சல் என்று சொல்லிக்கொள்ளவும் தடையில்லை. வெளியே வெப்பமானி உறைநிலைக்கு 15 பாகை கீழே கிடக்கும் பெப்ரவரி மாதத்தில், வெறும் தோளோடு நடமாடக் கிடைக்கும் பொது இடம் என்பதும், பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் கைத்தொலைபேசியைத் தொடமாட்டார்கள் என்பதும் இந்தப் பயணத்துக்குப் போதிய காரணங்களாகும். 2015ஆம் ஆண்டின் பான் அமெரிக்க விளையாட்டு விழாவுக்கென ஸ்காபரோவிலேயே எழுப்பப்பட்ட பெரிய அரங்கில் 50 மீட்டர் நீளத் தடாகங்கள் இரண்டு இருக்கின்றன என்பதை வல்லுநர் அறியாதவர் அல்லர். ஊரிலிருந்து வரும் விருந்தினருக்கு அவற்றைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று காட்டுவார். குடும்பத்தோடு போவதற்கு 25 மீட்டர்த் தடாகமும், குறிப்பாக அதன் ஆழங்குறைந்த முனையும் போதும் என்பது அவர் கொள்கை.

வல்லுநரின் அதிகாரம் அவரது பிறப்பிடத்திலிருந்து பிறக்கிறது. குடாநாட்டின் வடகரையில் உள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை தந்த குமார் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலங்களில் கடந்து, ஆழிக்குமரன் என்ற பட்டத்துக்கு உரியவரானார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர்நீத்தார். மெய்யான இப்பெருமையில் குடாநாட்டார் அனைவருக்கும் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும், வல்லுநர் தம் பங்கைச் சற்றுத் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார். அவரது ஊர் கடற்கரையில் இல்லை. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் பகுதியில், கடலை ஆண்டுக்கு ஒருமுறை காணும் உட்கிராமம் ஒன்றில் இருக்கிறது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியில் தேங்கும் மழைநீரைக் கிணறு வெட்டித் துலாவால் இறைத்தே நூற்றாண்டுகளாகப் பயிரும் வளர்ந்தது, மனிதரும் குளித்தனர். துலா என்பது ஒரு முனையில் வாளிக் கயிறும் மறுமுனையில் பாரமும் கொண்ட நெடுமரம். அதனால் இறைத்த நீரை வாளிவாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வதே அப்பகுதியின் குளியல். நீர் மனிதனிடம் வந்ததே தவிர, மனிதன் நீருக்குள் போகவில்லை. பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அண்டவிடாத தாய்மார் நிறைந்த அந்த ஊர்களில் நீச்சல் தெரிந்தவன் பெரும்பாலும் தாய்சொல் கேளாதவனாக இருந்தான். வல்லுநரோ தாய்சொல் கேட்டவர். இது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் தடாகக் கரையில் அதைச் சொல்லி மதிப்புத் தேட முடியாதாகையால், அவர் பாக்குநீரிணையின் பக்கம் சாய்கிறார்.

அவர் நீரில் இறங்கியதற்குச் சான்றாக எப்போதும் காட்டப்படுவது கீரிமலைக் கேணி. கடலை ஒட்டி, நன்னீர் ஊற்றால் நிறையும் அந்தக் கேணியில் ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் பிதிர்க்கடன் செய்து நீராடுவர்; ஏனைய நாள்களில் இளைஞர் மதிலிலிருந்து குதித்துக் கும்மாளமிடுவர். அங்கே தாம் குதித்த உயரத்தை வல்லுநர் ஆண்டுதோறும் திருத்தி அமைத்து வருகிறார். வீட்டில் இதற்குச் சாட்சி ஒருவர் இருக்கிறார். அவர் மனைவியின் தாயார், அதே ஊரவர், பிள்ளைகளுக்கு அம்மம்மா. “அவர் கடைசிப் படியிலை இருந்து செம்பாலை அள்ளி வாத்ததை நான் கண்டனான்” என்று அவர் ஒருமுறை சொல்லத் தொடங்கியபோது, மகள் தேநீரை நீட்டி அந்த வரலாற்றை இடையில் நிறுத்திவிட்டார்.

ஞாயிறு உலாவின் ஆயத்தம் சனிக்கிழமையே தொடங்குகிறது. அதன் முதற் சிக்கல் எண்ணெய். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகும் வழக்கத்தை அம்மம்மா கடல் கடந்தும் கைவிடவில்லை. பேரப்பிள்ளைகளின் தலையில் அவர் வைக்கும் எண்ணெய் ஒரு முழுக்கில் போய்விடக்கூடியதன்று. இத்தகைய தலைகள் தடாகத்துக்கு வருகையில் என்ன நிகழ்கிறது என்பதை விளக்குவது இங்கு அவசியம். தடாக நீரில் கிருமி கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். உடலிலிருந்து வரும் வியர்வை, அழுக்கு, சொல்லக் கூசும் இன்னொன்று ஆகியவற்றோடு அந்தக் குளோரின் கலக்கும்போது குளோரமைன் என்னும் சேர்மங்கள் உண்டாகின்றன. கண்ணை எரிப்பதும், உள்ளே நுழைந்தவுடன் மூக்கில் அறைவதும் பெரும்பாலும் இவையே. ஆகவே, மணம் கடுமையாக இருக்கும் தடாகம் மிகத் தூய்மையானது என்பது தவறு. குளிக்காமல் இறங்கியவர்கள் மிகுந்தது என்பதே சரி. வல்லுநரோ வாசலில் நின்று மூச்சை ஆழ இழுத்து, “நல்லாக் குளோரின் போட்டிருக்கிறாங்கள், சுத்தமான தண்ணி” என்று சான்றளிப்பார். இறங்குமுன் சவர்க்காரம் போட்டு வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருப்பது, வீட்டில் குளிக்காமல் வருபவர்களுக்கானது என்பது அவரது விளக்கம்.

பொதி கட்டும் பொறுப்பு மனைவியுடையது. ஐந்து துவாய்கள், மாற்றுடுப்பு, ஈர உடுப்புக்கான பைகள், பெட்டகத்துக்கு மாட்ட ஆமைப்பூட்டு, சூடு ஆறாத தேநீர்ப் போத்தல், தடாகத்துக்குள் உணவு கொண்டு போகலாகாது என்பதற்காகக் காரிலேயே விட்டுச் செல்லவேண்டிய றோல்ஸ் என்று எல்லாம் அவர் கையால் அடுக்கப்படுகின்றன. வல்லுநர் எடுத்து வருவது நீச்சல் கண்ணாடி ஒன்று மட்டுமே. அது விலையுயர்ந்தது, போட்டி வீரர்கள் அணியும் வகையைச் சேர்ந்தது, தடாகத்துக்கு எத்தனையோ முறை வந்தும் இன்னும் உட்புறம் நனையாதது.

உடை மாற்றும் அறையில் அவருக்கு இரண்டு இடர்கள் காத்திருக்கின்றன. குடும்பங்கள் ஒன்றாகப் பயன்படுத்தும் பொது அறையில், கதவுள்ள சிறு கூண்டுகள் ஒவ்வொன்றாக நிறைந்திருக்க, அவர் துவாயை இடுப்பில் சுற்றி, ஊரில் கிணற்றடியில் வேட்டி மாற்றப் பழகிய கைத்திறனை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. இதில் அவர் உண்மையாகவே தேர்ந்தவர். அடுத்தது, மேலே போட்டிருக்கும் பருத்திப் பனியன். வயிற்றையும், கழுத்தில் கிடக்கும் சங்கிலியையும் ஒருசேர மறைக்கும் அதைக் கழற்றிவிட்டு, நீச்சலுக்குரிய உடையோடு வருமாறு ஊழியர் சொல்லும்போது, அவர் சற்று நேரம் மனித உரிமைகள் பற்றிப் பேசிவிட்டுக் கழற்றுகிறார்.

நீருக்கும் அவருக்கும் இடையிலான முதற் சந்திப்பை அருகிருந்து நோக்க வேண்டும். அவர் ஏணியருகே நின்று, வலக்காற் பெருவிரலை மட்டும் நீரில் தோய்த்து எடுக்கிறார். பிறகு குனிந்து, உள்ளங்கையில் கொஞ்சம் நீர் அள்ளி, கோவில் தீர்த்தத்தைப் போல மூன்றுமுறை உச்சியில் தெளித்துக்கொள்கிறார்; மிகுந்ததை நெஞ்சில் தடவுகிறார்; மூச்சை உள்ளிழுத்து, “ஸ்ஸ்” என்று வெளிவிடுகிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார், பட்டியை இறுக்குகிறார், மீண்டும் தளர்த்துகிறார். கைகளை முன்னும் பின்னும் சுழற்றித் தோள்களை ஆயத்தப்படுத்துகிறார். பார்ப்பவர் விலகி இடம் விடுகிறார்கள். இவ்வளவும் முடிந்த பின், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கரையோரமாக நடக்கத் தொடங்குகிறார்.

கரையில் அவர் நிகழ்த்தும் பணி கடுமையானது. 11 வயது மூத்த மகளும் 8 வயது மகனும் நீந்த, அவர் அவர்களுக்கு இணையாக நடந்து, “காலை மடக்காதை, நீட்டி அடி! தலையைத் தூக்காதை! கையை வடிவா வீசு!” என்று உரத்துச் சொல்லிக்கொண்டே வருகிறார். நீருக்குள் காது மூழ்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் தாழ்ந்துபோயிருக்கவும் கூடும். பிள்ளைகள் நன்றாகவே நீந்துகிறார்கள். நான்கு வயதிலிருந்து மாநகரசபை வகுப்புகளில் படிப்படியாகப் பழகியவர்கள் அவர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் மூன்றாம் வகுப்பு மாணவருக்கு உயிர்காப்புச் சங்கம் நடத்தும் அடிப்படைப் பயிற்சியையும் மகன் முடித்திருக்கிறான். எதிர்பாராது ஆழ்நீரில் விழுந்தவன் செய்யவேண்டியதை அந்தப் பயிற்சி மூன்றாக வகுக்கிறது. உருண்டு ஆழத்தில் விழுதல், 1 நிமிடம் தலை நீருக்கு மேலிருக்க நின்றபடி மிதத்தல், 50 மீட்டர் நீந்துதல். இதை அவன் இரவுச் சாப்பாட்டின்போது பெருமையோடு விளக்கியபோது வல்லுநர் சோற்றைப் பிசைந்தபடி, “ஆழிக்குமரன் 51 மணித்தியாலம். நீங்கள் 1 நிமிசம்” என்றார். அவன் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. தந்தை எத்தனை நிமிடம் என்பதே அந்தக் கேள்வி என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

கரை வாழ்க்கைக்கு முடிவு கட்டுவது கடைக்குட்டி. நீந்தத் தெரியாத சிறு பிள்ளையுடன் பொறுப்பான பெரியவர் ஒருவர் நீருக்குள்ளேயே, கை எட்டும் தூரத்தில், இருந்தாக வேண்டும் என்பது இந்நகரத் தடாகங்களின் விதி. விதியை நடைமுறைப்படுத்துபவர் உயிர்காப்பாளர். நீரில் ஆபத்து நேராமல் பார்த்திருந்து, நேர்ந்தால் பாய்ந்து மீட்கச் சான்றிதழ் பெற்றவர். 17 அல்லது 18 வயதுதான் இருக்கும். கையில் சிவப்பு மிதவை, கழுத்தில் ஊதி. ஸ்காபரோவில் இவர் தமிழ்ப் பிள்ளையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. “அங்கிள், நீங்கள் தண்ணிக்குள்ளை இறங்கி நிக்கவேணும்” என்று அந்தப் பெண் பணிவோடு சொல்லும்போது, வல்லுநர் பார்வையாளர் பக்கத்தில் துவாய்களைக் காத்துக்கொண்டிருக்கும் மனைவியைத் திரும்பிப் பார்க்கிறார். மனைவி அந்நேரம் பார்த்துத் துவாய்களை மடிக்கிறார்.

நீர் அவரது நெஞ்சுக்குக் கீழேதான் நிற்கிறது. ஆயினும் அவர் இடக்கை சுவர் விளிம்பை விடுவதில்லை. கரையில் அணி நடத்திய மனிதர் இங்கே, ஐந்து வயதுப் பிள்ளை மிதவைப் பலகையோடு தம்மை மூன்றுமுறை சுற்றிவருவதைக் கண்ணால் மட்டும் தொடர்கிறார். பிறர் பார்க்கையில் அவர் நீந்துவதும் உண்டு. கைகள் இரண்டும் முறையாக வீசப்படும், தலை இடமும் வலமும் திரும்பும், கால்கள் மட்டும் தரையில் நடந்துகொண்டிருக்கும். இடுப்புக்குக் கீழே பாராதவர்களுக்கு இந்தக் காட்சி முழுமையானது. தெளிந்த நீர்தான் இவ்வகைக்குப் பெரும் பகை.

விளக்கங்கள் அவரிடம் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை அறிவியற்படி சரியானவை என்பதே வியப்பு. கடல்நீர் உப்பினால் அடர்த்தி கூடியது, ஆகவே நன்னீரைவிட அதில் உடல் எளிதாக மிதக்கும் என்கிறார். உண்மை, கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 2.5 வீதம் அதிகம். ஆழங்குறைந்த முனையில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து முறியும் என்கிறார். உண்மை, அதனாலேயே அங்கே பாய்ச்சல் தடுக்கப்பட்டிருக்கிறது. நெஞ்சில் காற்றை நிறைத்தால் உடல் மேலெழும் என்கிறார். இதுவும் உண்மை, ஆனால் காற்றை நிறைத்தபின் சுவரை விட வேண்டும் என்ற அடுத்த படியை அவர் சொல்வதில்லை. மூத்த மகள் அருகே வந்து, “அப்பா, மூக்காலை மூச்சை விடுங்கோ, பபிள்ஸ் வரவேணும்” என்று, மூன்று வயதுக் குழந்தைகளுக்குச் சொல்லும் இனிய குரலில் சொல்லும்போது, குளோரின் கண்ணுக்குக் கூடாது என்று அவர் மறுத்துவிடுகிறார். கண்ணாடி நெற்றியில் இருக்கிறது.

ஊதி நீளமாக ஒலித்து, எல்லோரையும் வெளியேறச் சொல்லும் தருணங்களும் வருவதுண்டு. சிறு குழந்தை ஒன்று நீரை அசுத்தப்படுத்திவிட்டால் சுத்திகரிப்பு முடியும்வரை தடாகம் மூடப்படும். பிள்ளைகள் முகம் வாட, பெற்றோர் முணுமுணுக்க, ஏணியில் முதலில் தென்படுபவர் வல்லுநரே. பொது விதிகளுக்கு இவ்வளவு விரைந்து கீழ்ப்படியும் குடிமகனை மாநகரசபை வேறெங்கும் காணமுடியாது.

வெந்நீர்த் தொட்டி உள்ள நிலையமாயின், அவர் மீண்டும் நிமிர்கிறார். 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத சூட்டில் நீர் கொப்பளிக்கும் அந்த வட்டத் தொட்டியில் உட்கார்வதற்கு இருக்கையுண்டு, நீந்துவதற்கு இடமில்லை. அங்கே கழுத்தளவு நீரில் மூன்று நான்கு வல்லுநர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிறார்கள். வீட்டுக்கடன் வட்டி, மார்க்கம் பகுதியில் வீட்டு விலை, இலங்கைத் தேர்தல் என்று பேச்சுச் சுற்றி, இறுதியில் கீரிமலைக்கு வந்து சேரும். ஒவ்வொருவரும் குதித்த மதில் இன்னொருவர் குதித்ததைவிட உயரமானது. எவரும் எவரையும் மறுப்பதில்லை. அந்தத் தொட்டியில் நாகரிகம் அவ்வளவு முதிர்ந்திருக்கிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இப்பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியும் என்றால் அது வல்லுநராலேயே. மாநகரசபை வகுப்புகளுக்கான பதிவு காலை 7 மணிக்கு இணையவழி திறக்கிறது. விரும்பப்படும் வகுப்புகள் சில நிமிடங்களில் நிறைந்துவிடும். அந்த விடியலில் வல்லுநர் இரண்டு கணினிகளையும் ஒரு கைத்தொலைபேசியையும் மேசையில் பரப்பி, வகுப்புகளின் இலக்கங்களைத் தாளில் எழுதி ஒட்டி, 6 மணி 50க்கே அசையாமல் உட்கார்ந்திருப்பார். இரவு வேலை முடித்து வந்த கண்கள் சிவந்திருக்கும். 7 மணி அடித்ததும் அவர் விரல்கள் இயங்கும் வேகத்தில் எந்த நீச்சல் பாதையிலும் எவரும் நீந்தியதில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே நிலையத்தில், அடுத்தடுத்த மணியில் இடம் பிடித்து முடித்தபின் அவர் யாரிடமும் பெருமை பேசுவதில்லை. தம்முடைய மெய்யான திறமையைப் பற்றி மௌனம் காப்பதும், இல்லாத திறமையைப் பற்றி விரித்துரைப்பதும் இந்த வகையின் இயல்பு.

குடும்பத்தாரும் இதை உணர்ந்தே நடந்துகொள்கிறார்கள். அவர் நீந்தக்கூடியவர் என்ற கருத்தை வீடு முழுவதும் சேர்ந்து பராமரிக்கிறது. மகன் ஆழப் பக்கத்துக்கு அவரை அழைப்பதில்லை. மகள் கற்றுக்கொடுக்கும் போதும் குரலைத் தாழ்த்துகிறாள். ஒளிப்படம் எடுக்கையில் இடுப்புக்கு மேலே மட்டும் வருமாறு பார்த்துக்கொள்கிறார்கள். மனைவியின் பங்கோ எல்லோருடையதிலும் பெரியது. தடாகங்களில் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கிய மணிகள் உண்டு. அவ்வேளைகளில் சாளரத் திரைகள் இறக்கப்பட்டுப் பெண் உயிர்காப்பாளர்களே காவலிருப்பர். செவ்வாய்க்கிழமைகளில் அவர் ‘யோகா’ என்று சொல்லிப் போய்வருவது அங்கேதான். ஓராண்டில் அவர் 25 மீட்டரை நிற்காமல் கடக்கப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் துவாய் காப்பதன் காரணம் இப்போது தெளிவாகும். அவர் நீரில் இறங்கினால் வீட்டின் ஒழுங்கு குலைந்துவிடும்.

இத்தகைய இரகசியங்கள் ஸ்காபரோவில் நெடுநாள் நிலைப்பதில்லை. என்றோ ஒரு ஞாயிறு மாலை, தலைமயிர் முழுதும் காயாமல் வெளியே போனால் பனியில் விறைத்துவிடும் என்பதற்காகக் குடும்பம் முழுவதும் தொப்பி அணிந்து, வாசலில் காலணிகளைப் பூட்டிக்கொண்டிருக்கையில், கடமை முடிந்து வரும் அந்த உயிர்காப்பாளர்ப் பெண் புன்னகையோடு நின்று, “ஆன்ரி, செவ்வாய்க்கிழமை ஏன் வரேல்லை? அடுத்த கிழமை ஆழப் பக்கத்திலை டெஸ்ட் எல்லோ?” என்று கேட்டுவிடுவாள். மனைவி கடைக்குட்டியின் கையுறையைத் தேடுவார். பிள்ளைகள் தந்தையின் முகத்தைப் பாராமல் விளம்பரப் பலகையைப் படிப்பார்கள். வல்லுநர் குளிரங்கியின் பூட்டை அடிவயிற்றிலிருந்து கழுத்துவரை மெதுவாக இழுத்து முடிக்கும் நேரம்வரை எதுவும் நிகழாது.

காரின் சூடு ஏறுவதற்குள் இலண்டனிலிருக்கும் மைத்துனருக்கு அழைப்புப் போய்விடும். “ஓமோம், இவவும் இப்ப வடிவா நீந்துவா. நான்தான் பழக்கினனான்” என்று வல்லுநர் சொல்ல, மனைவி பின்னிருக்கையில் றோல்ஸ் பொதியைப் பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். மறுமுனையில் ஏதோ கேட்கப்படும். வல்லுநர் சற்றும் தயங்காமல், “தண்ணிக்கை நிண்டு ஆரும் பழக்கலாம் மச்சான். கரையிலை நிண்டு பழக்கிறதெல்லோ வித்தை” என்பார்.